எல்லாருக்கும் முப்பது புசல்

முப்பது என்ற இலக்கத்தை நான் ஏழு போகம் நம்பினேன். அதற்குள் மூன்றரை வருடம் ஓடிவிட்டது. சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது, மூத்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள், என் நெற்றி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. முப்பது மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

போன மாதம் ஓய்வூதியக் கடிதம் ஒன்றுக்காக, நான் வேலை பார்த்த பழைய கந்தோருக்குப் போனேன். ஐம்பத்தொரு வயதில், இருப்புக்கொள்ளாமல், முன்கூட்டியே விலகி வந்தவன் நான். அந்தக் கதவைத் தள்ளும்போது இன்னும் கை கூசுகிறது. உள்ளே இருந்த உத்தியோகத்தர் ஒருவர் தொலைபேசியில் யாரிடமோ விளைச்சல் கேட்டுக் கேட்டுப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தொலைபேசியை வைத்துவிட்டு, உங்கட காலத்தில இதெல்லாம் எப்படி சேர் எடுத்தீங்க என்று கேட்டார். உங்களைப் போலத்தான் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கல்முனைக்குத் திரும்பும் பஸ்ஸில் யன்னல் ஓரமாக வயல்கள் ஓட ஓட, அந்தச் சிரிப்பு எனக்குள் புளிக்கத் தொடங்கியது. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. விவசாயப் போதனாசிரியர் என்ற நீளமான பெயரோடு என்னை வரிப்பத்தான்சேனைப் பக்கம் அனுப்பினார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஒரு வருடம், ஒரு விடுதி, நுளம்பு, மண்ணின் வகைகள், பூச்சியின் கால்கள். அங்கே படித்ததில் உருப்படியாக என்னோடு வந்தது ஒன்றுதான். அறுவடை வெட்டு.

ஒரு வயல் ஏக்கருக்கு எத்தனை புசல் விளைந்தது என்று வயல்காரனிடம் கேட்கக் கூடாது; ஒரு புசல் ஏறக்குறைய இருபத்தொரு கிலோ நெல். வயலிடம் கேட்க வேண்டும். எண்களைக் கலைத்துப்போட்ட இலக்கப் பட்டியலைத் திறந்து, அதில் விழும் எண்ணின்படி வரம்பிலிருந்து இத்தனை எட்டு நீளவாக்கில், இத்தனை எட்டு குறுக்கே நடக்க வேண்டும். கால் நிற்கும் இடத்தில் ஒரு முளைக்கட்டை. பதினைந்துக்குப் பதினைந்து அடி கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, நிறுக்க வேண்டும். கயிற்றின் மேலே விழுந்து கிடக்கும் பயிருக்கும் சட்டம் உண்டு: வேர் உள்ளே, கதிர் வெளியே என்றால் அது நம்முடையது. கதிர் உள்ளே சாய்ந்து, வேர் வெளியே என்றால் அதைத் தொடக் கூடாது. அந்தச் சட்டத்தைக் கேட்ட நாள் எனக்கு அது ஒரு கவிதை வரி போல இருந்தது.

கவிதையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நான் புளியடி வட்டைக்குப் போனேன். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் நீர் குடிக்கும் வயல்களின் கூட்டம். தலைமாட்டில், பெரிய வயற்காரரான உதுமாலெவ்வைப் போடியாரின் வயல். மதகுக்குப் பக்கத்தில் எப்போதும் தண்ணீர் தளும்பும். கால்மாட்டில் ஆதம்பாவாவின் இரண்டு ஏக்கர். அங்கே போய்ச் சேருவதற்குள் தண்ணீர் மண் வாய்க்காலின் ஓட்டைகளிலும் நண்டு வளைகளிலும் கசிந்து, களைத்து, பேருக்கு ஒரு ஈரமாகத்தான் போய்ச் சேரும்.

முதல் போகமே நான் கயிறும் முளையுமாகத்தான் போனேன். ஆனால் வரவேற்பு கயிற்றை அவிழ்க்க விடவில்லை. வெயிலுக்குள்ள என்னத்துக்கு சேர், வாங்க முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க என்பார்கள். மாட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரியல், சட்டியோடு எருமைத் தயிர். தயிருக்குப் பிறகு எழும்ப மனம் வருமா? எவ்வளவு காக்கா என்று, அந்த ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கேட்பேன். முப்பது போடுங்க என்பார்கள். போட்டேன். போடியார் வீட்டிலும் முப்பது. ஆதம்பாவா வீட்டிலும் முப்பது. நல்ல மழைக்கும் முப்பது, கருகிய வருடத்துக்கும் முப்பது.

அவர்கள் என்னை ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல. அந்த ஊரில் விளைச்சலை வாயால் சொல்லுகிற வழக்கமே இல்லை. களத்தில் நெல்லை அளக்கும்போதுகூடக் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். நெற்குவியலான பொலியின் பக்கம் யாராவது நடந்து வந்தால் அளக்கிறவர் எண்ணுவதை நிறுத்திக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். சொன்னால் கண்பட்டுவிடும், பரக்கத் என்கிற இறையருள் போய்விடும். ஆகவே யார் கேட்டாலும் சொல்ல ஒரு பொது இலக்கம் வைத்திருந்தார்கள். ஐம்பது விளைந்தவன் அதற்குள் ஒளிந்துகொண்டான், பெருமை வெளியே தெரியாமல். பதினைந்து விளைந்தவனும் அதற்குள்ளேதான் ஒளிந்துகொண்டான், வறுமை வெளியே தெரியாமல். பெரிய மழைக்கு எல்லாரும் ஒரே குடைக்குள் ஒதுங்கினமாதிரி.

பிறகு நாகமணி சேர் என் மேலதிகாரியாக மாற்றலாகி வந்தார்.

காரைதீவுக்காரர். மெல்லிய உடம்பு, வெள்ளைச் சேட்டு, கறுப்புக் குடை. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய சாரத் துண்டில் சுற்றி ஒரு ஐந்து கிலோப் படிக்கல். பாடசாலைப் பிள்ளை சோற்றுப்பொட்டலம் கொண்டுபோவதுபோல அவர் அதைப் போகிற இடமெல்லாம் கொண்டுபோவார். நிறுக்க முன்னர் தொங்கு தராசைக் கிளையில் மாட்டி, படிக்கல்லைத் தொங்கவிட்டு, முள் சரியாக ஐந்தில் நிற்கிறதா என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். நின்றால் ஒரு தலையாட்டல். கயிற்றையும் ஒவ்வொரு முறையும் அளப்பார். பனியில் நனைந்த கயிறு நீளும் என்பார். யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஏசவேண்டிய இடத்தில் அவர் பேசாமல் இருப்பார். அது ஏச்சைவிட மோசம்.

அவருடைய பெரிய சட்டம் ஒன்று இருந்தது. நிறுக்க முன்னர் தேத்தண்ணி இல்லை. தண்ணீர்கூடத் தன் போத்தலிலிருந்துதான் குடிப்பார். நிறுத்து, எழுதி, படிக்கல்லைச் சுற்றி உள்ளே வைத்த பிறகு, அவரே வாய்விட்டுக் கேட்டு வாங்கிக் குடிப்பார், இரண்டு கோப்பை, சீனி தூக்கலாக.

வந்து இரண்டாவது கிழமையே என் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"தம்பி, இது வயலா, நிண்டுபோன மணிக்கூடா?"

 அவர் விரலால் ஏழு கட்டங்களைத் தொட்டுக்கொண்டு போனார்.

"மழை பெஞ்சாலும் முப்பது, வாய்க்கால் வத்தினாலும் முப்பது. இதப் பாக்கிறவன் என்ன நினைப்பான்? இந்த மண்ணுக்குத் தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன எண்டு நினைப்பான். பிறகு என்னத்துக்கு அங்க சீமெந்து?"

அப்போதுதான் விஷயம் எனக்கு விளங்கியது. அம்பாறையில் வாய்க்கால் திருத்தும் திட்டம் ஒன்று வந்திருந்தது. மண் வாய்க்காலுக்குச் சீமெந்துக் கரை, பலகைக்குப் பதிலாக இரும்புக் கதவு. எல்லா வட்டைக்கும் போதாது. தண்ணீர் சீராகப் போனால் எங்கே விளைச்சல் ஏறும் என்று பழைய பதிவுகளைப் பார்த்துத் தெரிவு செய்தார்கள். புளியடி வட்டையைத் தள்ளிவைத்திருந்தார்கள். காரணம் என் கையெழுத்தில் ஏழு முறை எழுதப்பட்டிருந்தது. கண்ணூறு படாமல் இருக்க அந்த மக்கள் கட்டிய வேலி, சீமெந்தையும் உள்ளே விடாமல் நிறுத்திவிட்டது. நான் சாப்பிட்ட தயிரும் அந்த வேலியில் ஒரு கம்பு.

திருத்தப்போகும் வட்டைகளின் பட்டியலை முடிக்க இன்னும் ஒரு போகம் இருந்தது. சேர் யோசித்து ஒரு வழி சொன்னார். ஒரே போகம், ஒரே நெல்லினம், ஒரே வாய்க்கால். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் வெட்டுவோம், எல்லார் கண் முன்னாலும். இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் தண்ணீரின் விலை. அதோடு என்னிடம் ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டினார். ஏழு போகத்து இலக்கங்களும் வாய்க்கணக்கு, வெட்டி நிறுத்தது அல்ல என்று நான் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுதினேன். அதனால் என் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அந்த இரண்டு வருடமும் வீட்டில் எனக்குத் தயிர் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இதை அறிவித்தபோது பள்ளிவாசல் முற்றத்தில் எல்லாரும் போடியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். போடியார் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு போகமும் கால்மாட்டுக்காரர்கள் அவருடைய வரம்பை இருட்டோடு வெட்டித் தண்ணீரைத் திருப்புவதும், அவர் காலையில் கட்டுவதும், பிறகு வழக்குப் பேசுவதும் அவருக்கு அலுத்துப் போயிருந்தது. சரி என்றார். ஒரு நிபந்தனை.

"எழுதுங்க சேர். ஆனா வாயால சொல்லிராதீங்க."

ஆதம்பாவாவின் சங்கடம் வேறு. அந்த இரண்டு ஏக்கரையும் அவர் மகள் றைஹானாவுக்குச் சீதனமாகப் பேசியிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடும் காணியும் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பது. நிந்தவூரில் கடை வைத்திருந்த சுலைமாலெவ்வை என்பவரின் மகன் மாப்பிள்ளை. காணி எவ்வளவு விளையும் என்று அவர் கேட்டபோது ஆதம்பாவா என்ன சொல்லியிருப்பார்? முப்பதுதான். இப்போது நிறுத்து, எல்லாருக்கும் முன்னால் இலக்கம் வெளியே வந்தால் கலியாணம் நின்றுபோகலாம். நிறுக்காவிட்டால் வாய்க்கால் வராது. காணி காய்ந்தபடியே மகளுக்குப் போகும். கூடினால் கலியாணத்துக்கு நல்லது, குறைந்தால் வாய்க்காலுக்கு நல்லது. ஒரே நெல், இரண்டு தராசு.

வெட்டுக்கு முதல் நாள் பின்னேரம் என்னைத் தனியே கூட்டிப்போய், முளை விழும் இடத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி கேட்டார். நடு வயலில ஒரு பள்ளம் இருக்கு சேர், அதில கதிர் நல்லாப் புடிச்சிருக்கு என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏழு போகம் பழகிய வாய்.

முதலில் போடியார் வயல். அவர் தராசுக்கும் சனத்துக்கும் நடுவில் மைத்துனரை நிறுத்தி வைத்தார். மைத்துனர் அகலமான மனிதர். நெல்லின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். நாகமணி சேர் படிக்கல்லைத் தொங்கவிட்டு ஐந்தைக் காட்டினார். பிறகு நெல்லைத் தொங்கவிட, முள் ஐந்தைத் தாண்டி இன்னும் அரைக் கிலோவுக்கு மேல் இறங்கியது. ஏக்கருக்கு ஐம்பத்திரண்டு புசல். நான் எழுதினேன். வாயால் சொல்லவில்லை. ஆனால் முள் தாண்டியதை மைத்துனரின் கக்கத்துக்குள்ளால் ஊரே பார்த்தது.

பிறகு எல்லாரும் வாய்க்கால் கரையோடு கால்மாட்டுக்கு நடந்தோம். நடக்க நடக்கப் பயிர் குட்டையானது. பச்சை மங்கி, மஞ்சள் மங்கி, கடைசியில் வைக்கோல் நிறம். அங்கே வரம்பில் ஒருவர் குடையோடு நின்றார். சுலைமாலெவ்வை. மாட்டுக்கு வைக்கோல் பார்க்க வந்ததாகச் சொன்னார். நிந்தவூரில் இல்லாத வைக்கோலா என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

பட்டியலைத் திறந்தேன். நீளவாக்கில் எண்ணினேன், குறுக்கே எண்ணினேன். கால் நின்ற இடத்தைப் பார்த்தேன். நிலம் வெடித்துக் கிடந்தது. கதிர்கள் பாதி பதர், காற்றுக்கு நிமிர்ந்து நின்றன, தலைகுனியப் பாரம் இல்லாமல். பத்து எட்டு அங்கால அந்தப் பள்ளம், கொஞ்சம் பசுமையாக.

நான் ஒப்புக்கொள்கிறேன்: என் கால் அந்தப் பக்கம் நகர்ந்தது. மூன்று எட்டு வைத்துவிட்டேன். நாகமணி சேர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, படிக்கல்லின் துணியை அவிழ்த்தபடி, பேசாமல் நின்றார். அந்த மௌனத்தைக்கூட நான் தாண்டியிருப்பேன். நிறுத்தியது வேறு குரல்.

"சேர், எங்க விழுந்திச்சோ அங்கயே அடிங்க."

ஆதம்பாவா. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கி வந்து, என் கையிலிருந்த முளையை வாங்கி, வெடித்த நிலத்தில் அவரே குத்தினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னார்.

"ராவு மகள்ட்டச் சொன்னன். காணி என்ட பேரிலதானே எழுதப் போறீங்க வாப்பா, அப்ப இலக்கமும் என்டதான், பொய்யா எழுதவேணா எண்டிட்டா."

அறுத்தோம். கயிற்றின் மேல் சாய்ந்த பயிர் ஒன்றும் இல்லை. சாய்வதற்கு அவற்றிடம் என்ன இருந்தது. அடித்துத் தூற்றினால் பாதி காற்றோடு போனது. மிச்சத்தைத் தராசில் மாட்டினேன். முள் ஒன்றரைக்கு வந்து நின்றது. வாசிக்க வேண்டியவன் நான்.  அதற்குள் ஆதம்பாவா கணக்குப் போட்டு முடித்திருந்தார்.

"பதினாலு. ஓம், பதினாலுதான். நாலு வருசமா இதான் விளையிற."

அந்த வட்டையில் ஒரு மனிதன் தன் விளைச்சலை உரத்துச் சொன்னதை நான் முதல்முறை கேட்டேன். வரம்பில் நின்றவர்கள் காலடியைப் பார்த்தார்கள். சுலைமாலெவ்வை குடையை மடக்கினார். நெடுநேரம் வயலையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்க்கால் வரட்டும், பாப்பம் என்று மட்டும் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வைக்கோல் கேட்கவில்லை.

ஐம்பத்திரண்டும் பதினாலும் அம்பாறைக்குப் போயின. என் வெள்ளைத் தாளும் போனது. அடுத்த பட்டியலில் புளியடி வட்டை இருந்தது.

கலியாணம் நிற்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. இரண்டு வருடம் அது வாய்க்காலின் வாயில் நின்றது. இடையில் கலவரங்களில் வீதிகள் அடைபட்ட நாட்கள் வந்தன. சீமெந்து லொறி வராத மாதங்கள் வந்தன. நாகமணி சேர் பஸ் ஓடிய நாளெல்லாம் வந்தார், ஓடாத நாட்களில் சிலவேளை சைக்கிளில் வந்தார், படிக்கல்லோடு. ஆதம்பாவா வேலை நடக்கும் இடத்தில் நின்று, கொத்தனார் சீமெந்தில் மணலைக் கூட்டினால் மகளின் தகப்பனாகச் சண்டை பிடித்தார்.

கடைசியில் ஒருநாள் இரும்புக் கதவைத் திறந்தார்கள். தண்ணீர் புதுக் கரையோடு ஓடிப்போய், எங்கும் களைக்காமல், ஆதம்பாவாவின் வரம்பு வாயான வக்கடையில் தலைகாட்டியது. அவர் அதற்குள் காலை வைத்துக்கொண்டு நின்றார். 

புத்தகத்தில் முதலீடு, உற்பத்தித்திறன் என்று பெரிய எழுத்தில் படித்ததெல்லாம் எனக்கு அந்தப் போகத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. சீமெந்தைப் போட்டது அரசாங்கம். ஆனால் அதற்குப் பிறகு போட்டவன் வயல்காரன். தண்ணீர் வருமென்ற உறுதி இல்லாதவரை யாரும் பசளையை மண்ணில் எறியமாட்டான். காய்ந்த நிலத்தில் அது அவன் பிள்ளையின் சோறு. உறுதி வந்ததும் ஆதம்பாவா பசளை போட்டார், நாற்று நட்டார், வாடகைக்கு இரண்டு சில்லு உழவு மெசின் பிடித்தார். முன்பு தண்ணீருக்காக விழித்துக் கிடந்த நேரத்தில் களை பிடுங்கினார். அதே மனிதர், அதே இரண்டு ஏக்கர், அதே மண்வெட்டி. பின்னர் அந்தக் கால்மாட்டு வீடுகளில் கிடுகுக்குப் பதில் ஓடு ஏறியது, கிணற்றுக்குக் கட்டு வந்தது, ஒரு வீட்டில் தையல் மெசின் சத்தம் கேட்டது. சவூதிப் பணமும் அதில் கலந்திருந்தது, மறைக்கவில்லை. ஆனால் சவூதிக்குப் போக ஆளில்லாத வீட்டுக் கூரையிலும் ஓடு இருந்தது.

தண்ணீர் வந்த அந்த முதல் போகத்து வெட்டுக்குச் சுலைமாலெவ்வை வந்தார். இம்முறை வைக்கோல் கதை எதுவும் சொல்லவில்லை. மகனையும் கூட்டி வந்திருந்தார். றைஹானா வயல் குடிசையான வாடியின் மறைவில் கேத்திலோடு நின்றாள். இலக்கம் விழுந்த இடத்தில் முளை குத்தினேன். கயிற்றின் மேல் கதிர்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாக வேரைத் தேடிப் பிடித்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு அரை மணி எடுத்தது. அடித்தோம், தூற்றினோம். சேர் படிக்கல்லை மாட்டினார்: ஐந்து. தலையாட்டினார். நெல்லை மாட்டினார். முள் ஐந்தில் போய் நின்று, யோசித்து, இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

நாற்பத்தெட்டு. புத்தகத்தில் எழுதினேன். வாசிக்க வாயைத் திறந்தேன். சுலைமாலெவ்வை கையை உயர்த்தினார்.

"சொல்லாதீங்க சேர். எழுத்தக் காட்டுங்க."

காட்டினேன். பார்த்தார். உதடுகள் மட்டும் அசைந்து மாஷா அல்லாஹ் என்றன. பக்கத்து வரம்புகளில் நின்றவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு என் புத்தகத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"முப்பது இருக்கும்."

ஆதம்பாவா ஒரு கணம் அவரைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு மெல்ல விரிந்தது.

"ஓம் சம்பந்தி," என்றார், "முப்பதுதான்."

நாகமணி சேர் படிக்கல்லைச் சாரத் துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து, வாடிப் பக்கம் திரும்பினார்.

"புள்ள, தேத்தண்ணி வருமா? சீனி கொஞ்சம் கூட."